பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும்

11 பிப்ரவரி 2013

மெஷின்காரருக்கு,

நேற்று டவர் கிடைப்பதற்காகத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தி, ஒன்றரை மாதச் சமாசாரத்தை உங்களிடம் ஒப்பித்தேன். பதிலுக்கு நாலு ‘ம்’ போட்டீர்கள். மூன்றாவது ‘ம்’ சரி என்பதற்கா, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கா என்று இன்று காலை வரை யோசித்துக்கொண்டிருந்தேன். இனி எனக்குப் போன் வேண்டாம். நான் கடிதம் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். காகிதத்தில் வெறும் ‘ம்’ எழுதி அனுப்பினால் தபால்காரர்கூடச் சிரிப்பார்.

நேற்று சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். கீழ்வயலில் புதுச் செடி ஒன்று வந்திருக்கிறது. கேரட் இலை மாதிரி இலை. சில இடத்தில் என் இடுப்பு உயரம். தலை நிறையக் கடுகளவு வெள்ளைப் பூ. முற்றத்திலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்காலின் இரண்டு கரையிலும் வரிசை கட்டி நிற்கிறது. பசு முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. எனக்கு என்னவோ பிடித்திருந்தது. ஒரு கைப்பிடி பறித்து, கண்ணாடி டம்ளரில் போட்டு, மேஜையில் நீங்கள் உட்காரும் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அறுப்பு மே மாதம் முடியும் என்றீர்கள். இந்த வருடமும் மெஷினை முதலாளியின் ஷெட்டில் விடுவதற்கு முன்னால் இங்கே ஓட்டிவந்து கழுவுவீர்கள்தானே? ஷெட்டில் அதற்கென்று ஆள் இருந்தும், நம் முற்றத்துக் கல்மேடையில் நிறுத்தி, நான் குழாய் பிடிக்க, நீங்கள் அடியில் படுத்துத் தேய்த்தால்தான் உங்களுக்குத் திருப்தி. ஊரில் எல்லாரும் அதைப் பைத்தியம் என்கிறார்கள். இரண்டு நாள் முழுக்க நாம் சேர்ந்து வேலை செய்வது வருடத்தில் அந்த ஒரு தடவைதான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுவும் இல்லையென்றால் எப்படி? மேடையை இப்போதே கூட்டி வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரி

27 பிப்ரவரி 2013

வீட்டுக்காரிக்கு,

கடிதம் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது. கை வரவில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் சௌக்கியம். இந்தத் தடவை தங்க இடம், ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் மாடி. ஒரு கட்டில், ஒரு வாளி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போனில் உன் குரல் கேட்டதும் சொல்ல நிறைய வரும். ஆனால் வாயில் வரும்போது ‘ம்’ ஆகிவிடுகிறது. என்ன செய்ய?

நீ எழுதிய செடியை நான் இங்கே பார்த்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். சில வயலில் கதிரோடு அதுவும் மெஷின் வாய்க்குள் நிறையப் போகிறது. இங்கே அதைப் பிடுங்குகிறவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்கிறார்கள். டம்ளரில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. விவரம் தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டு வயலைக் காட்டு.

மே கடைசி வாரம் வருவேன். மெஷினோடுதான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

2 ஏப்ரல் 2013

மெஷின்காரருக்கு,

விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டேன். களை ஒழிப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வயது முப்பது இருக்கும். முழங்கால் வரை பூட்ஸ், கையில் ஒரு கட்டுச் சிவப்புக் கொடி. செடி இருந்த இடத்தில் எல்லாம் ஒவ்வொரு கொடியாகக் குத்திக்கொண்டே போனாள். அது பார்த்தீனியமாம். விஷப் பூண்டு. மாடு தின்றால் பால் கசக்கும், மனுஷன் தொட்டால் தோல் வெந்துபோகும், காற்றில் அதன் தூள் பறந்தால் மூச்சு இழுக்கும். ஒரு செடி பதினைந்தாயிரம் விதை போடுமாம். விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்குமாம்.

“பூக்கறதுக்கு முன்னாடி வேரோட பிடுங்கணும்மா. ஒண்ணு விட்டாலும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றாள்.

கீழ்வயலில் கொடிகள் விசிறி மாதிரி பரந்து கிடந்தன. மேலே வர வர ஒடுங்கி, வாய்க்காலோடு சேர்ந்து, கடைசிக் கொடி எங்கே வந்து நின்றது தெரியுமா? நம் கல்மேடையில்.

“இங்க வெளியூர் வண்டி ஏதாச்சும் கழுவுவீங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா, என் வீட்டுக்காரரு வருஷா வருஷம் அறுப்பு மெஷினைக் கொண்டாந்து இங்கதான் கழுவுவாரு. அவருக்குச் சுத்தம்னா அப்படி” என்றேன். பெருமையாகச் சொன்னேன். அவள் நோட்டை மூடினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊர் ஊராக அறுத்து, ஊர் ஊராக விதையைச் சேர்த்து, கடைசியில் நம் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறீர்கள். குழாய் பிடித்தவள் நான். அன்றைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட பசு இப்போது அதைத் தின்னப் பழகிவிட்டது போல, பால் ஒரு வாரமாகக் கசக்கிறது, வாங்குகிறவர்கள் திருப்பித் தருகிறார்கள். கீழ்நிலத்துக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, வாய்க்கால் தன் பக்கம் வரும் இடத்தில் மண்ணைப் போட்டு அடைத்துவிட்டார். நேற்று பஸ்ஸில் என் எதிரே உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

எனக்கு வரும் ஆத்திரத்தில் என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. இனி அந்த மெஷினோடு இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள்.

18 ஜூன் 2013

வீட்டுக்காரிக்கு,

நீ சொன்னபடி வரவில்லை. மெஷினை நேராக முதலாளியின் ஷெட்டில் விட்டேன். வடக்கே பிந்திய அறுப்பு இருக்கிறது, ஆள் வேண்டும் என்றார்கள். சரி என்று ஏறிவிட்டேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு வயலை விட்டுக் கிளம்பும் முன்பும் அந்த வயலிலேயே மெஷினைக் காற்றடித்து, பெருக்கி, சல்லடையைக் கழற்றித் தட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன். இரண்டு மணி நேரம் ஆகிறது. மற்ற டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கத்துகிறார்கள். எனக்கு ‘கல்யாணப் பொண்ணு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கிளம்புவதற்கு முன் அலங்காரம் பண்ணுகிறேனாம்.

பார்சலில் கையுறை ஆறு ஜோடியும் மூக்குத்துணி ஒரு பெட்டியும் அனுப்பியிருக்கிறேன். கெட்டி ரப்பர். போட்டுக்கொள்ளாமல் வயலில் இறங்காதே.

கீழ்நிலத்துக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். வேண்டாம், நானே அவருக்கு எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

5 ஜூலை 2013

மெஷின்காரருக்கு,

உங்களுக்கு மண்டையில் மூளை இருக்கிறதா, அங்கேயும் டீசல்தானா? மெஷினோடு வராதீர்கள் என்றால் மெஷின் இல்லாமல் வாருங்கள் என்று அர்த்தம். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவருக்கு இதற்கு ஒரு உரை எழுதியா அனுப்ப வேண்டும்? மே கடைசி வாரம் ஏழு நாளும் பஸ் வரும் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போனேன். எட்டாவது நாள் போகவில்லை. ஒன்பதாவது நாள் மறுபடி போனேன்.

வேலையைச் சொல்கிறேன். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது பிடுங்கினால் வேர் முழுசாக வருகிறது. காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தோடு அறுந்து, பத்து நாளில் பக்கத்துக்கு நாலாகத் துளிர்க்கிறது. பூத்ததைச் சாக்கு போட்டு மூடி, அப்படியே வெட்டி, வாய் கட்டி, மேட்டுக் குழியில் போடுகிறேன். பிடுங்கிய இடத்தில் உடனே புல் விதைக்க வேண்டும், வெறும் மண்ணாக விட்டால் மறுபடி இதுதான் வரும் என்று கொடிக்காரி சொன்னாள். ஆமாம், அந்த அலுவலகப் பெண்ணை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். மாதம் ஒரு தடவை வருகிறாள். வாய் நிறையப் பேசுவதற்கு எனக்கு இருக்கும் ஒரே ஆள் அவள்தான். அவளோ செடியைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டாள்.

பசுவை என் அக்காள் வீட்டுக்கு ஓட்டிவிட்டுவிட்டேன். இப்போது காலையில் என்னைக் கூப்பிட யாரும் இல்லை.

கையுறை வந்தது. அதில் என் இரண்டு கையும் ஒன்றாகப் போகும். உங்கள் கைக்கு அளவு பார்த்து வாங்கினீர்கள் போலிருக்கிறது. போட்டுக்கொண்டு செடியைப் பிடித்தால் கையுறை மட்டும் கழன்று வருகிறது. அதனால் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். கை கொஞ்சம் அரிக்கிறது, சோப்பு மாற்றினேன், அதுவாக இருக்கும்.

வாருங்கள். இதைவிட விளக்கமாக எனக்கு எழுதத் தெரியாது.

வீட்டுக்காரி

30 ஆகஸ்ட் 2013

வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் நான்கு ஊர் சுற்றி வந்து சேர்ந்தது. வரலாம்தான். முதலாளியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் வரவில்லை. காரணத்தைச் சொல்லாமல் உன் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் தெற்கே ஒரு வயலில் அறுத்து முடித்தபோது, அந்த நிலத்துக்காரர் என் மெஷின் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி, இங்கயே தட்டிக் கழுவிட்டுப் போ. இந்த வெள்ளைப்பூ விதை ஒட்டிக்கிட்டு வரும். நான் பட்டது போதும், நீ வேற எங்கயும் கொண்டுபோயிடாத” என்றார். நான் சரி சரி என்றேன். கழுவவில்லை. அன்றைக்குக் கிளம்பினால்தான் மெஷினோடு நம் வீட்டில் தங்க மூன்று நாள் கிடைக்கும். கழுவினால் இரண்டு நாள்தான். அதுவும் இல்லாமல், கழுவிய மெஷினை எப்படி நம் வீட்டுக்குக் கொண்டுவருவது? அழுக்காக இருந்தால்தானே முதலாளியிடம் ‘வீட்டுப் பக்கம் போய்க் கழுவிவிட்டு வருகிறேன்’ என்று கேட்க முடியும்?

எல்லாரும் என்னைச் சுத்தக்காரன் என்கிறார்கள். நீயும் அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாய். சுத்தம் எல்லாம் ஒன்றும் இல்லை. நீ குழாயைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் அழுக்கு என்று அதட்டிக்கொண்டே நிற்பாயே, அதற்காக அந்த அழுக்கைப் பத்திரமாக ஓட்டிக்கொண்டு வந்தேன். தெரிந்தே கொண்டுவந்தேன் என்று சொல்லமாட்டேன். தெரியாது என்றும் சொல்ல முடியாது.

இதற்கு நீ என்ன எழுதினாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன். கையுறை சின்னதாக வாங்கி அனுப்புகிறேன். உன் கை அளவு தெரியவில்லை. ஒரு காகிதத்தில் கையை வைத்துக் கோடு போட்டு அனுப்பு.

22 ஜனவரி 2014

மெஷின்காரருக்கு,

உங்கள் ஆகஸ்ட் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அதைப் படித்த அன்று வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதேன், பிறகு எழுந்து இருட்டும்வரை பிடுங்கினேன். உங்கள்மேல் இருந்த கோபத்தில் அன்றைக்கு மட்டும் எட்டுச் சாக்கு. வெறும் கை.

எழுத்து கோணலாக இருந்தால் கண் பாதிதான் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு இல்லை, செடிதான். முதலில் விரல், பிறகு முழங்கை மடிப்பு, கழுத்து, இப்போது இமை இரண்டும். தோல் தடித்து, வெடித்து, நீர் வடிகிறது. கொடிக்காரி என்னைப் பார்த்துவிட்டு அந்த நிமிடமே தன் வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் சொன்னார்: “உங்க உடம்புக்கு இது ஒத்துக்காதுன்னு ஆயிடுச்சு. இனி தொட்டாத்தான்னு இல்ல, காத்துல பட்டாலே வரும். இது மாறாது. இடத்தை விட்டுக் கிளம்புங்க, இல்லேன்னா மூச்சுல போய் நிக்கும்.”

ஒரு வாரம் ஆயிற்று. நான் கிளம்பவில்லை. காரணம் சொல்கிறேன். மழை முடிந்து கீழ்வயல் முழுக்கப் புதுச் செடி தரையோடு வட்டம் வட்டமாகப் படுத்திருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் நிமிரும், பூக்கும். நான் போய்விட்டால் பிடுங்க ஆள் கிடையாது. ஒரு வருடம் நான் பட்ட பாடு எல்லாம் ஒரே மாதத்தில் போய்விடும்.

தனியாக இருக்கப் பழகிவிட்டேன் என்று உங்களுக்குப் போனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பொய். ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது, யார் கேட்கப் போகிறார்கள் என்று சத்தமாக உங்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகப் பெயர் சொல்லி.

மன்னிப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாருங்கள்.

30 ஜனவரி 2014

வீட்டுக்காரிக்கு,

மெஷின் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். எப்போது திரும்புவாய் என்றார். இல்லை என்றேன். பஸ் நாளைக் காலை. இந்தக் கடிதத்துக்கு முன் நான் வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வந்துகொண்டிருக்கிறேன்.

3 மார்ச் 2014

வயல்காரருக்கு,

இனி உங்களை மெஷின்காரர் என்று கூப்பிட முடியாது அல்லவா?

என் முகவரியைப் பார்த்து எழுதுங்கள். டவுனில் ஒரு தையல் கடையின் மாடி, பின்பக்க அறை. கீழே ஆறு தையல் மெஷின் ஓடுகிறது. தரை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. தையல்கடை அம்மா நல்ல மாதிரி. பட்டன் தைக்கும் வேலை தந்திருக்கிறாள். இமை வீக்கம் வடிந்துவிட்டது, கழுத்தில் மட்டும் கறுப்பு நிற்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். உங்கள் பழைய கடிதத்தில் இருந்த அதே சுவர்தானோ என்று சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

எண்ணிப் பார்த்தேன். நீங்கள் வந்து இறங்கியதிலிருந்து நான் பஸ் ஏறியதுவரை மொத்தம் நாலு நாள். அதிலும் இரண்டு நாள் நான் கண்ணைத் திறக்கவில்லை. உங்களுக்கு முன்பக்கம் நரைத்திருப்பதைக் கிளம்பும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டில், “எல்லாத்தையும் விட்டுட்டு நானும் வந்துடறேன், எங்கயாவது ஒண்ணா இருப்போம்” என்றீர்கள். பஸ் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். கேட்டது. வேண்டாம். தண்ணீர் கீழே பார்த்துத்தான் ஓடும். நாம் விட்டுவிட்டால் கீழ்நிலத்துக்காரர் வயல், அதற்கும் கீழே பள்ளிக்கூட மைதானம். அங்கே ஒரு குழந்தைக்கு என் கண் மாதிரி ஆனால் நாம் எங்கே ஒன்றாக இருந்து என்ன? நாம் கொண்டுவந்தோம், நாம்தான் எடுக்க வேண்டும். நீங்கள் என்று எழுத வந்தேன். நாம் என்றே இருக்கட்டும்.

போன் செய்யாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நான் பஸ் ஏறிவிடுவேன்.

வீடில்லாத வீட்டுக்காரி

12 ஆகஸ்ட் 2014

வீட்டுக்காரிக்கு,

கீழ்வயலை நூல் கட்டி நாற்பது கட்டமாகப் பிரித்துக்கொண்டேன். தினம் ஒரு கட்டம், குனிந்த தலை நிமிராமல். நாற்பது முடிந்ததும் மறுபடி முதல் கட்டம். அதற்குள் அங்கே மறுபடி முளைத்திருக்கும். கொடிக்காரி செடியைத் தவிர எதுவும் பேசமாட்டாள் என்றாயே, என் நூலைப் பார்த்துச் சிரித்தாள். கீழ்நிலத்துக்காரர் போன வாரம் வேலியைத் தாண்டி வந்து, என்னோடு ஒரு கட்டம் பிடுங்கிவிட்டுப் போனார்.

மே மாதம் உன்னைப் பார்க்க வந்தேன் அல்லவா? இரண்டு தடவை குளித்து, புதுச் சட்டை போட்டுத்தான் வந்தேன். மறுநாள் உன் இமை மறுபடி வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் இருந்தாய் என்று தையல்கடை அம்மா எழுதியிருந்தார். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பையிலோ தலைமயிரிலோ அந்தத் தூள் இருந்திருக்கிறது. இனி நான் வரமாட்டேன். இந்த வயல் சுத்தமாகும்வரை வரமாட்டேன். கோபித்துக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும். இந்த வீட்டில் இப்படிச் சத்தமே இருக்காது என்று நீ ஏன் எழுதவே இல்லை? நான் சாப்பிட்ட தட்டை வைத்தால் அந்தச் சத்தத்துக்கு நானே திரும்பிப் பார்க்கிறேன். வருடத்தில் எட்டு மாதம் நீ இப்படியா இருந்தாய்? நான் வெளியூரில் சுவரைப் பார்த்துக்கொண்டு நான்தான் கஷ்டப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் வீட்டுக்காரன்

25 ஆகஸ்ட் 2014

வயல்காரருக்கு,

வீங்கினால் வீங்கட்டும் என்று எழுத வந்தேன். டாக்டர் அடுத்த தடவை தாங்காது என்கிறார். அதனால் எழுதவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எழுதியிருந்தால் நீங்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். பிறகு என்னால் வேலை போயிற்று என்று நான் வருத்தப்பட்டிருப்பேன். இப்போது வேலையும் போயிற்று, கூட இருப்பதும் போயிற்று. நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த புத்திசாலித்தனத்தை யாரிடமாவது சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

சாப்பிடும்போது வானொலியை வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போடலாம்.

9 அக்டோபர் 2016

வீட்டுக்காரிக்கு,

இந்த வருடக் கணக்கு. முதல் வருடம் சாக்கில் எண்ணினேன், போன வருடம் கட்டுக்கட்டாக எண்ணினேன். இந்த மழைக்குப் பிறகு நாற்பது கட்டத்திலும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு செடி. ஒன்றுகூடப் பூக்கவில்லை. பூக்க நான் விடவில்லை. புல் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்துவிட்டது. கொடிக்காரி, “இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே பாத்துக்கிட்டீங்கன்னா, டாக்டரைக் கேட்டுட்டு அம்மாவைக் கூட்டிட்டு வரலாம்” என்றாள். அவளுக்கு எதிரில் அழுதுவிட்டேன். மூக்குத்துணி இருந்ததால் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

உனக்குச் சொல்ல வேறு விசேஷம் இல்லை. நேற்று மத்தியானம் யாரோ ஒரு அம்மா வேலிக்கு வெளியே வந்து நின்றார். தலையையும் முகத்தையும் துணியால் மூடியிருந்தார். மூக்குத்துணி கட்டினால் என் கண்ணாடியில் ஆவி படிந்துவிடுகிறது, தூரத்தில் இருப்பது ஆளா மரமா என்றே தெரியாது. ரொம்ப நேரம் நின்றிருப்பார் போல. நான் பத்தொன்பதாவது கட்டத்தில் இருந்தேன். வேலிக்கதவில் கை வைத்ததைப் பார்த்ததும் பதறிவிட்டேன்.

“யாரும்மா அது? உள்ள வராதீங்க! விஷச்செடி இருக்கு, கால்ல ஒட்டிக்கிட்டு வெளிய போயிடும். என் வீட்டுக்காரிக்கு ஆகாது. அவ திரும்பி வர்றதுக்காகத்தான் நான் ஒத்தையில கிடந்து சாகறேன், நீங்க பாட்டுக்கு மிதிச்சுட்டுப் போனா எப்படி?” என்று கத்தினேன்.

அவர் ஏதோ சொன்னார். “சரிங்க” என்று சொன்ன மாதிரி இருந்தது. போய்விட்டார். வெயிலில் வந்தவரிடம் தண்ணீர் வேண்டுமா என்றாவது கேட்டிருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது. ஆள் முகம் பார்க்காமல் இருந்து இருந்து எனக்கு மரியாதையே மறந்துவிட்டது. மனசு சரியில்லை.

உன் வீட்டுக்காரன்

15 அக்டோபர் 2016

வயல்காரருக்கு,

அந்த அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. பையில் வைத்திருந்தாள்.

டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார். பட்டன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, முகத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலை பஸ்ஸில் ஏறினேன். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். வேலியிலிருந்து பார்த்தபோது நீங்கள் தவழ்ந்துகொண்டிருந்தீர்கள். ஒரு இலையைப் புரட்டிப் பார்ப்பது, பக்கத்து இலையைப் புரட்டிப் பார்ப்பது, நூலை நகர்த்துவது. முதுகு எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிகிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, பொய்யர்.

கை தானாகக் கதவுக்குப் போய்விட்டது. அதற்குத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இருபத்தெட்டு வருடத்தில் நீங்கள் என்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ‘அம்மா’ என்று வேறு. என் முகத்துக்கு நேரே, என் வீட்டு வாசலில், எனக்காகவே என்னை விரட்டினீர்கள். ‘நான்தான்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அப்படியே ஓடிவருவீர்கள், கையில் சட்டையில் தலையில் அந்தத் தூளோடு. நானும் தள்ளி நிற்கமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அப்புறம் மூன்று வருடம் நீங்கள் தவழ்ந்தது எதற்கு? அதனால் ‘சரிங்க’ என்றேன். பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன், பக்கத்தில் இருந்தவள் யார் செத்தது என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் வீங்கவில்லை. இன்றோடு ஏழு நாள் ஆயிற்று, கண்ணாடியில் பார்த்துப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். வேலிவரை வரலாம் போலிருக்கிறது. கதவைத் தொடமாட்டேன்.

அடுத்த மாதமும் அந்த அம்மா வருவாள். விரட்டாதீர்கள். கிட்டேயும் வராதீர்கள். உங்கள் வேலையைப் பாருங்கள், அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வீட்டுக்காரி